சித்தியின் டப்பாவில் முப்பத்தொன்று

காலையிலிருந்து மூன்றாவது முறையாகச் சித்தி வலது மணிக்கட்டில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டாள். சட்டைப் பை தைத்துத் தைத்து வீங்கிப்போன கை. உறவுமுறையில் அவள் யாருக்கும் சித்தியில்லை. சட்டைக் கம்பெனியின் அந்தத் தையல் வரிசையில் இருக்கும் ஏழு பெண்களில் மூத்தவள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் வரிசைக்கே மொத்தமாக ஒரு கணக்கு. ஒருத்திக்கு முடியவில்லையென்றால் மற்றவர்கள் இழுத்துப் பிடித்துவிடுவார்கள். குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பெண் பிள்ளை பெற்று வந்தபோது, அவளைச் சித்தி மூன்று மாதம் அப்படித்தான் தாங்கினாள். எந்தப் புண்ணியவான் கண்ணை உறுத்தியதோ, இந்த மாதம் ஆளுக்கொரு டப்பா வந்துவிட்டது. வெட்டிக் கட்டிய துணிக்கட்டு, அதாவது ஒரு பண்டில், தைத்து முடித்தால் அதன் சீட்டைக் கிழித்துத் தன் டப்பாவில் போட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது சீட்டு. தொடர்ந்து மூன்று நாள் குறைந்தால் வேலை போச்சு. சித்திக்கு இரண்டு நாள் குறைந்தாயிற்று. படுக்கையில் கிடக்கும் புருஷனுக்கும் சேர்த்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது.

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் குண்டூசி தன் சீட்டு மூன்றைச் சித்தியின் டப்பாவில் நழுவவிட்டாள். ஓட்டைவாய் என்று பேரெடுத்தவள், இதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. மற்ற ஐந்து பேரும் தனித்தனியாக அதையே செய்தார்கள், அவர்களும் மூச்சுவிடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

சாயங்காலம் சூப்பர்வைசர் எண்ணினார். சித்தியின் டப்பாவில் முப்பத்தொன்று. அங்கே யாரும் இருபத்தைந்தைத் தாண்டியதில்லை.

தான் போட்டது பதின்மூன்றுதான் என்று சொல்ல வாயெடுத்த சித்தியின் காலைக் குண்டூசி மிதித்தாள். சீட்டு கைமாறியது தெரிந்தால் ஏழு பேர் வேலையும் போகும்.

"இந்த வயசுல இவங்க முப்பத்தொண்ணு தைக்கிறாங்க. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?" என்றார் சூப்பர்வைசர். பலகையில் இருபதை அழித்துவிட்டு முப்பது என்று எழுதினார். நாளையிலிருந்து எல்லோருக்கும் அதுதான்.

"நான் மூணுதான் போட்டேன் சித்தி," என்று குண்டூசி முணுமுணுத்தாள்.

நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதற்குப் படம் எடுக்க வேண்டுமாம். புடவைக்கு மேல் கம்பெனிச் சட்டை போட்டிருந்த சித்தியை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திச் செல்போனைத் தூக்கினார் சூப்பர்வைசர்.

"அந்தக் கைத்துணி தெரியுதும்மா. சட்டைக் கையை இறக்கி விடுங்க."

சித்தி இடது கையால் இழுத்துப் பார்த்தாள். வீக்கத்தைத் தாண்டி அது இறங்கவில்லை. குண்டூசிதான் வந்து, வலிக்காமல், கொஞ்சங்கொஞ்சமாக இழுத்து மூடிவிட்டாள்.