கரண்டு வைத்த வாய்

மெஷினில் மாவு சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதன் விளிம்பில் கைவைத்தபடி, மாவு பாத்திரத்தின் சுவரை விட்டு உரிந்து வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். நல்ல மாவு முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடம் பண்ணும். பக்குவம் வந்ததும் தானாக விட்டுவிடும். சத்தம் கேட்டது. மெஷினை நிறுத்தி ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார்.

ஒன்றும் தெரியவில்லை. ஈரக் காகிதத்தை வைத்த மாதிரி இருந்தது. இருந்தாலும் தலையை ஆட்டினார். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றும் பேக்கிங் மேசையில் நின்ற பெண்களுக்கும், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளிக்கும் அந்தத் தலையாட்டல் தெரிந்தால் போதும்.

கொஞ்ச நேரத்தில் அடுப்பைப் பார்க்கிற மைத்துனன் எதையோ கேட்க வந்தவன் போல மெஷின்மேல் சாய்ந்தான். பேச்சோடு பேச்சாகத் தானும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் மூக்கைச் சொறிந்தால் உப்பு சரி. காதைத் தொட்டால் குறைவு. அன்றைக்கு மூக்கைச் சொறிந்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினான். மாஸ்டர் அடக்கியிருந்த மூச்சை விட்டார்.

பேக்கரியில் மைத்துனனுக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டான். அடுத்த வீட்டு சங்கதி முழுக்க அடுப்படியில்தான் வெந்து வெளியே வரும். அப்பேர்ப்பட்டவனிடம் மாஸ்டரின் மனைவி, அவனுடைய அக்கா, ஒரு ரகசியத்தைக் கொடுத்திருந்தாள். அவன் அதை மட்டும் முழுங்கிவிட்டு, அதற்கு ஈடாக மற்ற எல்லாவற்றையும் இரண்டு மடங்காகப் பேசிக்கொண்டிருந்தான்.

மாஸ்டருக்கு நாக்கின் அடிப்பக்கத்தில் கேன்சர். பேக்கரியில் அல்சர் என்று சொல்லி லீவு எடுத்திருந்தார். வயிறு முழுக்கப் புண், அதனால்தான் இப்படி வற்றிப் போய்விட்டார் என்று ரேடியோ கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் முகத்துக்கு வலைபோல ஒரு முகமூடி செய்து மாட்டி, மேசையோடு சேர்த்து இறுக்கி, அசையவிடாமல் படுக்கவைத்துக் கதிர் பாய்ச்சினார்கள். அங்கே யாரும் அதைக் கதிர் என்று சொல்வதில்லை. கரண்டு என்பார்கள். "உங்களுக்கு இன்னும் எத்தன கரண்டு பாக்கி?" என்று பஸ் நம்பர் கேட்பதுபோல வராந்தாவில் கேட்டுக்கொள்வார்கள். உள்ளே சர்வசாதாரணமான அந்த வார்த்தை, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் ஆளையே மாற்றிவிடும். அவர்கள் தெருவில் ஒரு பிளம்பருக்குக் கரண்டு வைத்தது தெரிந்த பிறகு, டீக்கடையில் அவருக்கென்று தனியாக ஒரு தம்ளர் ஒதுக்கிவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தத் தம்ளரை யாரும் எடுக்கவில்லை. இதையெல்லாம் பார்த்திருந்த மனைவி, அந்த வார்த்தை நம் வாசலைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கட்டி கரைந்துவிட்டது என்றார் டாக்டர். அடுத்த பரிசோதனைவரை பார்க்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். மாஸ்டருக்கு இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் காதில் தங்கியது. கட்டியோடு நாக்கின் ருசியும் போயிருந்தது. எச்சில் வற்றி, வாய் எந்நேரமும் காய்ந்து கிடந்தது. ருசி வரும், மெதுவாக வரும், சிலருக்கு உப்புதான் முதலில் வரும் என்று நர்ஸ் சொன்னாள். ருசி வந்தால் வியாதி போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றும் சொன்னாள். மாஸ்டர் இந்த முறை முதல் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

அவர் உப்பை எடை போட்டுப் பழகியவர் அல்ல. மாவு மூட்டைக்கு மூட்டை மாறும், தண்ணீர் நாளுக்கு நாள் மாறும். கைதான் தராசு, நாக்குதான் முள். அந்தக் கைப்பக்குவத்துக்காகத்தான் முதலாளி அவரை வேறு பேக்கரியிலிருந்து கூப்பிட்டு வந்தார். ருசி தெரியாத மாஸ்டரை எந்த ஊரில் எந்தப் பேக்கரி வைத்துக்கொள்ளும்? வேலை போனால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் யோசிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவார்.

பயம் வரும்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போகும். தாடைக்குக் கீழே புதிதாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பார். கையில் மாவு இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கழுத்தில் விரல்தடங்கள் வெள்ளை வெள்ளையாக இருக்கும். மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஈரத்துணியால் துடைப்பாள். இன்றைக்கு எவ்வளவு பயந்தார் என்பதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை, அவளே பார்த்துக்கொள்வாள்.

அவளுக்குச் சாமியோடு பேச்சுவார்த்தை இருந்தது. தையலுக்கு நடுவில், ஊசியில் நூல் கோக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். சில சமயம் சண்டைகூடப் போடுவாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். அவருக்குப் பொறாமையாக இருக்கும்.

"நீங்களும் ஒரு வார்த்த கேளுங்க. கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் ஒருநாள்.

"இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் எங்க போய்க் கேக்குறது?"

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"அப்போ சின்னதா ஏதாவது கேளுங்க."

அது அவருக்குப் பிடித்திருந்தது. உயிரைக் கேட்க அவருக்குத் துணிவில்லை. உப்பைக் கேட்டார். தினமும் வேலை தொடங்குமுன் உப்பு டின்னைத் திறந்து ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, யார் என்று தெளிவில்லாத யாரோ ஒருவரிடம், இன்றைக்காவது என்று கேட்பார். வராது. சரி, நாளைக்கு என்று டின்னை மூடுவார். கேட்டுக் கேட்டு அதுவே பழக்கமாகிவிட்டது. தினமும் ஒருவரிடம் போய் நிற்பதால், அந்த ஒருவர் இருக்கிறார் என்றும் ஆகிவிட்டது. பயம் குறைந்ததாகச் சொல்ல முடியாது. தனியாகப் பயப்படவில்லை, அவ்வளவுதான்.

ரேடியோ மகளின் பள்ளிக்கூட விஷயமாக லீவு போட்ட நாளில்தான் அது நடந்தது. காலையிலிருந்தே மாஸ்டருக்கு நாக்கின் ஓரத்தில் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. பல் பட்டதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மாவைக் கொட்டினார், தண்ணீர் ஊற்றினார், ஈஸ்ட்டைக் கரைத்து விட்டார். உப்பை எப்போதும் மெஷின் கொஞ்சம் ஓடிய பிறகுதான் போடுவார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, நாக்கை மடக்கி அந்த இடத்தைப் பல்லால் வருடிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இருந்த இடம்தானா, இல்லை புது இடமா என்றே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் நிறுத்தினார். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துத் தலையை ஆட்டினார்.

மாவு அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகப் பொங்கியது. கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. வெயிலின் வேலை என்று எண்ணிக்கொண்டார். ரொட்டி நிறமில்லாமல் வெளிறி வெந்தது. அடுப்பில் புது ஆள் நின்றதால் அப்படி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம், அன்றைய மாவு மெஷினில் தயாராகி, ரேடியோ மூக்கைச் சொறிந்துவிட்டுப் போன பிறகு, வண்டிக்காரர் கூடை கூடையாக ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். எந்தக் கடையும் வைத்துக்கொள்ளவில்லை. பச்சைத் தண்ணீரை மென்ற மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதலாளி சத்தம் போடுகிறவர் அல்ல. போட்டிருந்தால் மாஸ்டருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் ஒரு ரொட்டியைப் பிய்த்து மென்றபடியே மெஷின் அருகில் வந்தார்.

"உப்புப் போட மறந்துட்டேன் முதலாளி. என் தப்புதான்."

"மறக்குறது மனுஷனுக்கு சகஜம் மாஸ்டர். ஆனா நேத்து நீங்க மாவ நாக்குல வச்சுப் பாத்தீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தலைய ஆட்டுனீங்க."

முதலாளி உள்ளே போய் இரண்டு கரண்டிகளோடு வந்தார். ஒன்றில் தூள் உப்பு, மற்றதில் கேக்குக்குத் தூவுகிற பொடிச் சர்க்கரை. இரண்டும் ஒரே வெள்ளை. கண்ணை மூடச் சொன்னார்.

முதலாளிக்குப் பின்னால் நின்ற ரேடியோ மூக்கையும் காதையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தான். சர்க்கரைக்கு அவர்கள் ஜாடை எதுவும் பேசி வைத்திருக்கவில்லை. இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. மாஸ்டர் கண்ணை மூடிவிட்டார்.

முதல் கரண்டி உதட்டில் பட்டது. நாக்கில் ஏதோ விழுந்தது. ஒன்றுமில்லை. மணலா, மாவா, அதுகூடத் தெரியவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் தையல் மெஷின் விலைக்குப் போவதும், ஆஸ்பத்திரி வரிசையில் தன் இடம் காலியாவதும் கண்ணுக்குள் ஓடின. நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்தினார். இன்னிக்கு மட்டும், நாளைக்குக் கேக்க மாட்டேன் என்று மனசுக்குள் சொன்னார். அது பொய் என்று அவருக்கும் தெரியும், அந்த யாரோ ஒருவருக்கும் தெரியும்.

நாக்கின் ஓரத்தில் சுருக்கென்றது. அப்புறம் அந்தச் சுருக்கு நீளமாக உள்ளே ஓடியது. காதுக்குக் கீழே தாடை வலித்தது. வற்றிக் கிடந்த வாயில் எங்கிருந்தோ எச்சில் ஊறியது.

"உப்பு," என்றார்.

முதலாளி இரண்டாவது கரண்டியையும் நாக்கில் வைத்தார். மாஸ்டர் வெகுநேரம் சப்பிப் பார்த்தார்.

"இது தெரியல முதலாளி. ஆனா மொதல்ல குடுத்தது உப்பு. சத்தியமா உப்பு."

கண்ணைத் திறந்தார். கன்னம் நனைந்திருந்தது. ரேடியோ சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தான். முதலாளியின் முகத்தில்கூட ஒரு தளர்வு தெரிந்தது. அந்தத் தளர்வைப் பார்த்துத்தான், வேலை நேரத்தில் பத்து வார்த்தை பேசாத மாஸ்டர் பேச ஆரம்பித்தார்.

"மாசக் கணக்கா செத்துக் கெடந்த நாக்கு முதலாளி. கரண்டு வச்சதுல போனது. தெனமும் கேட்டுக்கிட்டு இருந்தேன், இன்னிக்குத்தான் குடுத்துருக்கு. இனிமே தப்பு வராது..."

ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். சொன்னது என்ன என்று மாஸ்டருக்கு அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பேக்கிங் மேசையில் பன்னைக் கடித்துக்கொண்டிருந்த பெண் மெல்வதை நிறுத்தினாள். மீதியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கரண்டா?" என்றார் முதலாளி. "அல்சர்னு சொன்னீங்க."

"இது ஒட்டாது முதலாளி. டாக்டரே சொன்னாரு. வேணும்னா நீங்களே வந்து கேளுங்க."

"எனக்குத் தெரியும் மாஸ்டர். நான் படிச்சவன். வாங்கித் திங்கிறவனுக்குத் தெரியணுமே." அவர் மேசைப் பக்கம் திரும்பி, அங்கே நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இன்று சாயங்காலத்துக்குள் இது எத்தனை தெரு போகும் என்று கணக்குப் போட்டிருப்பார். பிறகு மெஷினைக் காட்டி, "இன்னிக்கு மாவுல கை வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எப்பவும் போல... ஒரு கிள்ளு."

முதலாளி ரொட்டி சுற்றுகிற காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்தார். இரண்டு கரண்டிகளையும் அந்தக் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்து எடுத்துப்போய்க் குப்பை டிரம்மில் போட்டார். அப்புறம் கையைக் கழுவினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாகத் தேறட்டும், நான் சொல்லி அனுப்புகிறேன் என்று குழாயைப் பார்த்தபடியே சொன்னார். குரலில் கோபமே இல்லை. ரேடியோவிடம் மட்டும், அந்த மாவை எடுத்துக் கொட்டிவிட்டு மெஷினை வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்.

ரேடியோ நகரவில்லை.

"நல்ல மாவு முதலாளி. உப்பெல்லாம் சரியா இருக்கு. நானே பாத்தேன்."

"நீ வேலைக்கு இருக்கியா, இல்ல நீயும் வீட்டுக்குப் போறியா?"

ரேடியோ மாமாவைப் பார்த்தான். மாஸ்டர் தலையை ஆட்டினார். போ, சொன்னதைச் செய் என்று அர்த்தம். அவன் இரண்டு கையாலும் மாவை அள்ளினான். அது சுவரைப் பிடிக்காமல் சுத்தமாக உரிந்து வந்தது. ஒவ்வொரு அள்ளலாக டிரம்மில் போட்டான். அவன் வாயைத் திறக்காமல் ஒரு வேலை செய்ததை அந்தப் பேக்கரி அதுவரை பார்த்ததில்லை.

மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதைத் தொட்டு வாங்க யாரும் கை நீட்டவில்லை. டிரம்மில் மாவு கரண்டிகளை மூடிக்கொண்டு, அடுப்புச் சூட்டுக்கு மெல்ல மெல்லப் பொங்கி மேலே வந்தது. வாயில் உப்பு இன்னும் இருந்தது. விழுங்கினால் போய்விடுமோ என்று பயந்து, அவர் எச்சிலை அடக்கிக்கொண்டு நின்றார்.