மூச்சு வெட்டும் வேலை

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்துக்கொண்டு நான் பார்க்கும் வேலை, அடுத்தவர் மூச்சை வெட்டுவது. ஒலிப்புத்தகம் வாசிப்பவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘உஸ்ஸ்’ என்று மூச்சு இழுப்பார்கள். கேட்கும் பிள்ளைகளுக்கு அது இடைஞ்சலாம். ஒவ்வொன்றாகத் தேடி, கணினியில் வெட்டித் தள்ளுவேன்.

புதிதாக வந்த தாடிக்காரர் வாசித்தது, பூமிக்கு வந்த வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய சிறுவர் கதை. பதிவைத் திறந்தேன். வெட்டுவதற்கு ஒரு மூச்சுகூட இல்லை.

பின்னால் நின்று கேட்ட முதலாளி புருவத்தைச் சுருக்கினார்.

“மெஷின் குரலை நம்ம தலையில கட்டுறான்மா. நீயும் கூட்டா? சாயங்காலத்துக்குள்ள மனுஷன் வாசிச்சதுன்னு காட்டு. இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க.”

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. தாடிக்காரரைப் பதிவு அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தினேன்.

“என் கண்ணு முன்னாடி வாசிங்க.”

வாசித்தார். பக்கம் பக்கமாக. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கைக்கண்ணாடியை அவர் மூக்கடியில் பிடித்தேன். துளி ஆவி படியவில்லை.

“யோவ், யாருய்யா நீ?”

“கத்தாதீங்கக்கா!” நரைத்த தாடியோடு என்னை அக்கா என்றார். “நான் பேசக் கத்துக்கிட்டதே உங்க ஒலிப்புத்தகம் கேட்டுத்தான். அதுல ஒருத்தரும் மூச்சு விடலியே! இங்கயும் யாரும் விட மாட்டாங்கன்னு நினைச்சுட்டேன்.”

வெட்டியவள் நான்தானே. யாரைத் திட்டுவது?

“இப்ப விடுங்க, பார்ப்போம்.”

விட்டார். சைக்கிள் டியூப் வெடித்த சத்தம். மேஜை மேலிருந்த காகிதமெல்லாம் பறந்தது.

“போதும் சாமி, நிறுத்துங்க!”

வேறு வழியில்லை. ஒலிவாங்கியை இழுத்து என் மூச்சையே பதிந்து, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டினேன். ஒட்ட ஒட்ட எரிச்சல். வெட்டுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒட்டுகிறேன்!

சாயங்காலம் முதலாளி காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்.

“மனுஷன்தான். ஆனா ஏன் இவ்வளவு கோவமா மூச்சு விடுறாரு?”

“வேற்றுக்கிரகவாசிக்கு மூணு கண்ணுன்னு கதையில எழுதியிருக்காங்கல்ல சார், அது அவருக்குப் பிடிக்கலியாம்.”

“அவருக்கு என்ன வந்தது அதுல?” என்னைச் சந்தேகமாகப் பார்த்தவர், மேஜையில் அடுத்த புத்தகத்தைப் போட்டார். “சரி, இதையும் அவரையே வாசிக்கச் சொல்லு.”

அட்டையைப் பார்த்தேன். மூச்சுப் பயிற்சி, பாகம் ஒன்று.