துபாய் கேசட்

மேலப்பாளையத்து ஜொஹராவுக்குத் துபாயிலிருந்து வந்த புருஷன் குரலின் விலை முப்பது ரூபாய். அறுபது நிமிட வெற்றுக் கேசட்டுக்குக் கடையில் அந்த விலைதான். அவர் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டின் நாடாவை அவள் வீட்டு டேப்ரெக்கார்டர் மென்றுவிட்டது. ரிப்பேரே பொழுதுபோக்கான குமாஸ்தா பஞ்சாபகேசன் வெட்டி ஒட்டிச் சரிசெய்தார். சோதிக்கிற ஜோரில் பிளேயோடு ரெக்கார்டையும் சேர்த்து அழுத்தியதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் ஜொஹரா வந்ததும் போட்டுக் காட்டினார். “பெருநாளைக்கு வாரேன் புள்ள. உனக்கு என்ன கொண்டாருவேன்னா...” என்ற குரலை முறித்து, “அடியே ருக்கு, காபி!” என்றது அவர் குரல்.

பஞ்சாபகேசன் சட்டென்று டேப்பை நிறுத்தினார். “ஐயோ, ஒரு நிமிஷத்தை அழிச்சுட்டேனேம்மா!”

ஜொஹரா கொஞ்சம் யோசித்தாள். “போட்டும் சார். நாலு பவுன் வளையல்னு சொன்னீகளேன்னு எழுதிருதேன். பேசுனது அவுகளுக்கு ஞாபகமா இருக்கப்போவுது?”

ஆகக் கணக்கு: பிழைத்தது ஐம்பத்தொன்பது நிமிடம், தொலைந்தது ஒன்று, துபாய்க்காரர் பேரில் பற்று நாலு பவுன்.