நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் நிற்கிற பயிர்

நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் இருக்கும் கடல்தரையை வருவாய்க் கிராமமாக அறிவித்து மூன்று வருடம் ஆகிறது. கிராம நிர்வாக அலுவலர் எஸ்கலின் காலை ஒன்பது மணிக்கு இரும்புக் கூண்டில் ஏறினால், பதினொன்றரைக்குக் கீழே அலுவலகத்தைத் திறந்துவிடுவாள். தலையாரி ஒரு ஆக்டோபஸ். எட்டுக் கை இருந்தும், நிலம் அளக்கும் சங்கிலியின் நுனியைப் பிடிக்கச் சொன்னால் பெருமூச்சு விடுவார். வெளிச்சம் போதாவிட்டால் ஊர்க்கார மீன்கள் யாராவது வந்து மேசையோரம் கொஞ்சநேரம் ஒளிர்ந்துவிட்டுப் போவார்கள். எஸ்கலின் மாறுதலே கேட்டதில்லை.

ஊர் முழுக்க உருளைக்கிழங்கு அளவில் உலோகக் கற்கள் கிடக்கும். அவற்றை வாரிக்கொள்ள ஒரு கம்பெனி மனு போட்டது. “மேற்படி நிலம் யாருக்கும் பயனின்றிச் சும்மா கிடப்பதால்” என்று அது ஆரம்பித்தது. என்ன விளைகிறது என்று எழுதும் அடங்கல் பதிவேட்டில், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பயிராவது காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் தரிசு, தரிசு கம்பெனிக்கு.

எஸ்கலின் வீடு வீடாகப் போனாள்.

“நான் பொறந்ததே இந்தக் கல்லு மேலதான் தாயி,” என்றது பதினோராயிரம் வயதுக் கடற்பஞ்சு ஒன்று. “இதத் தூக்கிட்டா நான் எங்க உக்கார?”

அந்தக் கல்லை ஆறு வருடமாக அளந்துகொண்டிருந்த ஆய்வாளர் நஸ்ரீன் நிமிர்ந்தாள். “எக்கா, இது வளருது. பத்து லட்சம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்.”

“வளருதுல்ல? கையெழுத்துப் போட்டுக் குடு.”

வெள்ளிக்கிழமை மேலே தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் துரைக்கண்ணு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“பயிரு?”

“கல்லு சார்.”

“பாசனம்?”

“மேலேருந்து விழுற தூசிதான். மானாவாரி.”

“களையெடுப்பு?”

“கடல் வெள்ளரி பாத்துக்குது.”

கம்பெனிக்காரர் எழுந்தார். “விதை எங்கேன்னு கேளுங்க சார்.”

எஸ்கலின் ஒரு சுறாப்பல்லை மேசையில் வைத்தாள். இதைச் சுற்றித்தான் கல் விளைகிறது என்று நஸ்ரீனின் ஆய்வறிக்கை சொன்னது. கம்பெனிக்காரர் பல்லை முகர்ந்து பார்த்தார். நாட்டு ரகம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

“அறுவடை எப்பம்மா?”

“நாப்பது லட்சம் வருஷம் ஆகும் சார்.”

நிற்கிற பயிரை அழித்து நிலம் கொடுக்க விதியில்லை. அறுவடை முடிந்தபின் பரிசீலிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார் துரைக்கண்ணு. “வருஷா வருஷம் அளந்து காட்டணும். அந்த ஆராய்ச்சிப் பொண்ணை விட்டுறாத,” என்றார்.

திங்கட்கிழமை அலுவலக வாசலில் ஒரு திமிங்கிலம் கிடந்தது. செத்து நாலு நாள் ஆகியிருந்தது.

“ஊரு நிலைச்சிட்டுன்னு மேல பேசிக்கிட்டாவ. அதான் வந்துட்டேன்,” என்றது. வாரிசுச் சான்றிதழ் வேண்டுமாம்.

அதன் பின்னால், இனி அதன் எலும்பைத் தின்றே பிழைக்கப்போகிற நாற்பதாயிரம் புழுக்கள் ஆளுக்கொரு போட்டோவோடு வரிசையில் நின்றன.

எஸ்கலின் பேனாவைத் திறந்தாள். “தள்ளாதீங்க,” என்றாள். “தலப்பிள்ளை யாரு? முன்னால வாங்க.”