செவ்வாய்க்கிழமை வாசல்

றெஜி, கட்டின பெண்சாதியின் முகத்தைக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் அமுக்கப் பார்த்தவன். அவள் தகப்பன் ஒஸ்வால்ட், துறைமுகத்தில் மூட்டை தூக்கின கையால் அவன் பல்லை உடைத்து, மகள் ஷாமிலாவைக் கிருலப்பனையில் ஒளித்து வைத்திருந்தார்.

இப்போது அவர் வெள்ளவத்தை மாடிவீடொன்றில் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லும் ஏஐ மெஷின் கெட்டவனுக்கும் உதவுமா என்று சம்பளமில்லாமல் சோதிக்கிற கூட்டம் அது. தெருப்பேச்சுத் தெரிந்த ஆள் வேண்டுமென்று மிதுனா அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

"சும்மா வேலை வாங்கிறவங்களை நான் நம்பமாட்டன், பிள்ள."

"நம்பவேண்டாம், அங்கிள். அதைக் கெட்டவன் மாதிரிக் கேளுங்கோ, காணும்."

"கட்டினவள் ஓடிட்டாள். கொட்டாஞ்சேனை வேதக்காரி. எங்க வச்சு வெட்டலாம்?"

ஒஸ்வால்ட் சொன்னதை மிதுனா அப்படியே தட்டினாள். மெஷின் மறுத்தது.

"பாத்தீங்களா? நல்ல பிள்ளை."

"பொறு. றெஜி அழுதழுதுதான் கழுத்தைப் பிடிப்பான். புதுசா இப்பிடி அடி: மனுசி கொட்டாஞ்சேனை வேதக்காரி, பிள்ளைக்குக் காய்ச்சல், தாயைத் தேடுது, எங்க போனால் அவளைக் காணலாம், ராசா?"

மெஷின் உருகிப்போயிற்று. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்கள் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார்கள், பூசை முடிகிற நேரம் வாசலில் நின்று பாருங்கள் என்றது.

அன்று செவ்வாய். ஷாமிலா நேர்ச்சையை விடாதவள். கோயிலில் வைத்து எவன் தொடுவான் என்று போகவிட்டவரும் அவர்தான்.

ஒஸ்வால்ட் ஓட்டோவில் பாய்ந்து ஏறி, கெதியாக ஓட்டச்சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். "மல்லி, இக்மன் கரன்ன!"

மெழுகுதிரி விற்கிறவர்களுக்கு நடுவே றெஜி நின்றான். ஷாமிலா வாசலுக்கு வரவும் கத்தியை உருவினான். ஒஸ்வால்ட் குறுக்கே விழுந்து வெறுங்கையால் அலகைப் பிடித்தார். விரல்கள் எலும்புவரை கிழிந்தன. விடவில்லை. நெற்றியால் மோதி அவன் மூக்கை நொறுக்கினார். விழுந்தவனின் மணிக்கட்டை, முறிகிற சத்தம் கேட்கும்வரை மிதித்தார்.

"ஆரடா சொன்னது, இங்க வருவாள் எண்டு? அந்த மெஷினா?"

றெஜி இரத்தம் துப்பினான். "என்ன மெஷின்? என்ர மனுசி எங்க போவாள் எண்டு எனக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதே ஒஸ்வால்ட் மிதுனாவுக்குப் போன் எடுப்பித்தார்.

"இவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவைப்படேல்ல. ஆனா தெரியாத நாயளும் இருக்கு. அதுகள் அழுது கேட்டா உங்கட மெஷின் வாசலைக் காட்டும். அதைச் செய்தவங்களுக்கு எழுதி அனுப்பு."

"ஐயோ அங்கிள், கை எப்பிடி?"

"கை கிடக்கட்டும். வாய் இருக்குத்தானே, நாளைக்கும் வாறன். உங்கட கூட்டத்தை நான் இன்னும் நம்பேல்ல."