நாலு மணி நேரப் பயணம்

மாமா பூவராகன் செத்தது 2009 மே இருபத்தொன்பதாம் தேதி, பொழுது சாயும் நேரம். அன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. நாற்பத்தைந்து நாள் சும்மா கிடந்த போட்டுகளில் ஐஸ் ஏற்றியாகிவிட்டது. ஆனால் பிணம் எடுக்கும் வரை எங்கள் குப்பத்தில் ஒரு போட்டும் கடலில் இறங்கக் கூடாது. சாவு வீட்டில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு ஐஸ் உருகும் கவலைதான்.

அப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூத்தவன் ஜெயசீலன் சிங்கப்பூரில் வெல்டர். "காலையில எட்டு மணி பிளைட்டு. நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துடாதீங்க" என்று போனில் அழுதான்.

"நாளைக்கு மூணு மணிக்குள்ள வந்தா வெச்சிருக்கலாம். அதுக்கு மேல ஆவாது" என்றார் குப்பத்துத் தலைவரான நாட்டார் கோவிந்தசாமி. "வினோத்து, நீதான் படிச்சவன். கணக்குப் போட்டுச் சொல்லு."

அண்ணாமலை நகரில் பட்டம் வாங்கியவன் நான். சும்மா இருப்பேனா? திருப்பாதிரிப்புலியூர் பிரவுசிங் சென்டர் வரை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். பிளைட்டுல நாலு மணி நேரம். எட்டுக்கு ஏறுனா பன்னெண்டு. வெளிய வர ஒரு மணி நேரம், கார்ல நாலு மணி நேரம். அஞ்சாயிடும்."

"அங்க எட்டுன்னா இங்க அஞ்சரைண்ணே" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். ஜெயசீலன் பெண்டாட்டி சரண்யா. "ஒன்பதரைக்கே எறங்கிடுவாரு. ரெண்டரைக்கு இங்க இருப்பாரு."

ஆண்கள் பேசும் இடத்தில் பெண் குரல். நாட்டார் முகம் சுளித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஜெயசீலன் சாப்பிட்டுப் படுக்கப்போகிறேன் என்று போன் செய்யும்போதெல்லாம் இங்கே இருட்டியே கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அவள் சொன்னது சரி. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பத்தாவது பெயிலானவ எனக்குக் கணக்குச் சொல்றியா? போய் ஒப்பாரி வை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்தார்கள்.

காலை எட்டரைக்குத் தூக்கினோம். ஒன்பதேகாலுக்கு இளையவன் கலைமணி கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தோம். ஆட்கள் நேராகப் போட்டுக்கு ஓடினார்கள்.

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சரண்யாவின் செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். நேரே வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கணக்குத் தெரிஞ்சவரு நீங்கதானேண்ணே. நீங்களே சொல்லுங்க."

"மச்சான், எறங்கிட்டேன்டா" என்றான் ஜெயசீலன். மூச்சு வாங்கியது. "ரெண்டு, ரெண்டரைக்கு வந்துருவேன். அப்பா மொகத்தப் பாக்கணும்டா. வெச்சிருக்கீங்க இல்ல?"

போட்டுக்குப் போகாமல் மிச்சமிருந்த குப்பமே என் வாயைப் பார்த்தது. நாட்டாரும் பார்த்தார்.

"ஏன் மச்சான் இவ்ளோ லேட்டு?" என்றேன்.