ஓட்டுக்குள் குரல்

சாயங்காலம் கத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் காலையில் செத்துக் கிடந்தன. அது ஏன் என்பதுதான் லுப்னாவுக்கு விளங்கவில்லை.

கெட்ட முட்டை என்றால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இருட்டு அறையில் கைப்பேசி வெளிச்சத்தை முட்டைக்கு அடியில் பிடித்தால், நல்ல முட்டைக்குள் சிலந்தி கால் பரப்பியதுபோல ரத்த நரம்புகள் ஓடும். கூமுட்டை வெறும் மஞ்சளாக ஒளிரும். அதை அன்றே எடுத்துப் போட்டுவிடுவாள். இவை அப்படியல்ல. மூன்று வாரம் வளர்ந்து, இறகும் நகமும் முளைத்து, ஓட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுத்து, ஓட்டில் ஒரு விரிசலும் போட்டுவிட்டு, விடிவதற்குள் அடங்கிப்போயின. இதுவரை பொரிக்க வைத்த இரண்டு ஈடு முட்டையிலும் இதே கதைதான்.

பெட்டி அவள் கணவன் தபரேஸ் செய்தது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு குண்டு பல்பு. சூடு அளவைத் தாண்டினால் அதை அணைத்து, குறைந்தால் ஏற்றும் சின்னக் கருவி. சூட்டை எல்லா மூலைக்கும் தள்ள பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய மின்விசிறி. காற்றில் ஈரம் இருக்க ஒரு கிண்ணம் தண்ணீர். பக்கவாட்டில் கீழே சில துளைகள், மூடியில் சில. கோழி தன் வயிற்றுச் சூட்டாலும் உடம்பு ஈரத்தாலும் செய்வதை இந்தப் பெட்டி மின்சாரத்தால் செய்கிறது, அவ்வளவுதான். ஆம்பூரில் இப்போது மாடிக்கு மாடி இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. தபரேஸ் அதில் முதல் ஈடு வைப்பதற்குள் போய்ச்சேர்ந்தான்.

போன மழைக்காலத்தில், ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கினான். ஏறவில்லை. கொஞ்ச நேரம் உள்ளிருந்து குழாயைத் தட்டும் சத்தம் கேட்டதாகக் காவலாளி சொன்னார். அப்புறம் கேட்கவில்லையாம்.

குஞ்சு ஓட்டைத் தட்டும் சத்தம் பெரிதல்ல. நகத்தால் பீங்கானைச் சுண்டுவதுபோல இருக்கும். ஆனால் லுப்னாவுக்கு அது ஷூ கம்பெனியில் கூடக் கேட்டது. நூறு தையல் இயந்திரம் ஓடும் கூடத்தில், தோலை ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டே சட்டென்று நிறுத்திவிடுவாள். டொக். பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் சுந்தரி திரும்பிப் பார்ப்பாள்.

"இன்னாடி, நூல் அறுந்துச்சா?"

"இல்ல. ஏதோ தட்டுற மாதிரி இருந்துச்சு."

"சூப்பர்வைசர் தலைல வந்து தட்டுவாரு, அப்ப கேளு. தையிடி."

பெட்டி வைத்துக் குஞ்சு பொரிப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் கேட்டாள். ஈரம் கம்மி என்றார்கள், கிண்ணத்தைக் கூட்டினாள். சூடு ஜாஸ்தி என்றார்கள். புது வெப்பமானி வாங்கி வைத்துப் பார்த்தாள், சரியாகவே இருந்தது. சேவலுக்கு வயசாகிவிட்டது என்று நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர் எழுதினார். சேவலுக்கு வயசானால் முட்டை கருவே பிடிக்காது. பிடித்து, வளர்ந்து, கடைசி நாளில் சாகாது. அதை அவளே யோசித்துத் தள்ளினாள்.

மூன்றாவது ஈடு வைத்த வாரத்தில் தெருநாய்கள் கூண்டைப் பிரித்துவிட்டன. மொட்டைக்கழுத்துக் கோழிகள் மூன்றும் சேவலும் போயின. தபரேஸ் ஒடுகத்தூர்ச் சந்தையில் தேடிப்பிடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்த கோழிகள். இனி அந்த வம்சம் பெட்டிக்குள் இருக்கும் ஆறு முட்டைதான்.

மாமியார் ஜஹீருன்னிசா பெட்டி இருந்த அறைப்பக்கமே வருவதை விட்டிருந்தார். "இதான் கடைசிம்மா," என்றார். "இதுவும் போச்சுன்னா பெட்டிய எடைக்குப் போட்டுடு. கத்திக் கத்தி அடங்குற சத்தத்த எத்தினி தடவதான் கேக்கிறது? எம்புள்ள தட்டினத ஒரு தடவ நெனச்சுப் பாத்ததே போதும்."

லுப்னா சரி என்று தலையாட்டினாள்.

போன ஈட்டில் செத்ததை அவள் அப்படியே புதைக்கவில்லை. ஓட்டை உரித்துப் பார்த்திருந்தாள். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. வளரும் வரை குஞ்சுக்கு மூக்கால் வேலையில்லை. ஓட்டின் நுண்துளை வழியாக வரும் காற்றை அதன் ரத்தமே வாங்கிக்கொள்ளும். கடைசி நாட்களில் உடம்பு பெரிதாகி அது போதாமல் போகும்போது, குஞ்சு உள்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் அலகை நீட்டும். வாழ்க்கையின் முதல் மூச்சு அங்கேதான். குரல் வருவதும் அதற்கப்புறம்தான். அந்தச் சிறு அறைக் காற்று தீர்வதற்குள் ஓட்டையும் உடைத்து வெளிக்காற்றைப் பிடிக்க வேண்டும். அவள் உரித்த குஞ்சுகள் எல்லாம் உடைத்துத்தான் இருந்தன. அலகு விரிசலில் பதிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. வெளியே எட்டிய பிறகும் ஏன்?

ஆறு முட்டையும் குரல் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. கம்பெனியிலிருந்து வந்தவள் பர்தாவைக் கூடக் கழற்றாமல் பெட்டியருகே உட்கார்ந்தாள். நான்கில் விரிசல். நாத்தனார் சைராவும் கல்லூரி விட்டு வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். அண்ணியை அவள் பாபி என்றுதான் கூப்பிடுவாள்.

"பாபி, அந்த ஓரத்துல இருக்குதே, அது ஜாஸ்தி கத்துது. அண்ணன் மாதிரியே. பசி வந்தா வீடு ரெண்டாயிடும்."

லுப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. மேற்கே வெளிச்சம் மங்கிக் காற்று நின்றிருந்தது. தினமும் இந்த நேரத்துக்கு அது வரும்: தோலிலிருந்து முடி நீக்கப் போடும் மருந்தின் நாற்றம், அழுகிய முட்டையின் நாற்றம். பகலில் காற்றோடு போய்விடும். காற்று நின்றால் தரையோடு தரையாகத் தெருவுக்குள் இறங்கும். சாக்கடை ஓரத்து வீடுகளில் அந்த நேரத்துக்கு ஜன்னல் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்கும். தபரேஸைத் தூக்கிவந்த அன்று அவன் சட்டையிலும் இதே நாற்றம்தான்.

லுப்னா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அலமாரியிலிருந்து, ஷூவின் தோலுக்குப் பின்புறம் ஒட்டும் டேப்பை எடுத்தாள். பெட்டியின் துளைகள்மேல் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். காலையில் வேலைக்குப் போகுமுன் பிரித்துவிடுவாள். பெட்டி வைத்த நாளிலிருந்து தினமும் செய்வதுதான். ஜன்னல் சாத்துவதுபோலத்தான் இதுவும், அதை யாராவது கணக்கில் வைப்பார்களா? குழுவில் அத்தனை கேள்வி கேட்டவள் இதை மட்டும் சொன்னதே இல்லை.

"இன்னா பாபி பண்றீங்க?"

"நாத்தம் உள்ள போவக்கூடாது."

"தெருவே அந்த நாத்தத்துலதான் இருக்குது. நாம செத்தா போய்ட்டோம்?"

"உங்கண்ணன் போனாரே." டேப்பை அழுத்தித் தேய்த்தாள். "அதே நாத்தம்டி. அது இதுங்ககிட்ட வரவேணாம்."

சைரா டேப் ஒட்டிய துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணன் இருந்தது தொட்டிக்குள்ள, பாபி. நாலு பக்கமும் சுவரு. காத்து உள்ள வர வழி இல்ல."

லுப்னா கடைசித் துளைமேல் வைத்த விரலை எடுக்கவில்லை. பெட்டிக்குள் கத்தல் தேய்ந்துகொண்டிருந்தது. ஓரத்துக் குஞ்சு ஒருமுறை தட்டியது. பிறகு வெகு நேரம் கழித்து இன்னொருமுறை.

டேப்பை நகத்தால் பிய்த்தாள். எல்லாவற்றையும் பிய்த்தாள். ஜன்னலையும் திறந்தாள். நாற்றம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. அவன் சட்டையில் இருந்த அதே நாற்றம். பர்தா நுனியால் மூக்கை மூடப் போனவள், மூடாமல், பெட்டியின்மேல் காதை வைத்துக்கொண்டு அதையே மூச்சாக இழுத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்திலிருந்து ஒரு கீச்சு. அதற்குப் பதிலாக இன்னொன்று.

விடியும்போது நான்கு குஞ்சுகள், கழுத்தில் இறகில்லாமல், ஈரமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஐந்தாவது மதியம் வந்தது. ஆறாவது வரவில்லை. ஜஹீருன்னிசா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல், ஒரு கை நொய்யரிசியைக் கொண்டுவந்து படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மற்ற நாட்களில் துளையை மூடியும் கரு எப்படிப் பிழைத்தது என்பதும் அவளுக்கு அப்போது விளங்கியது. சிறிய கருவுக்குக் கொஞ்சம் காற்றே போதும், இரவுக்குத் தாங்கும். நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிய குஞ்சுகள் பல சேர்ந்தால் மூடிய பெட்டியின் காற்று விடியும்வரை தாங்காது. லுப்னா குழுவில் எழுதினாள்: பொரிக்கிற கடைசி மூன்று நாளும் பெட்டியின் எல்லாத் துளையும் இரவும் பகலும் திறந்தே இருக்கட்டும், வெளியே என்ன நாற்றம் அடித்தாலும் சரி, திறந்து வைப்பதால் ஈரம் குறையும், அதற்குத் துளையை மூடாமல், அகலமான தண்ணீர்க் கிண்ணமாக மாற்றினால் போதும்.